தட்டைக் கூரையை நீக்கிச் சாய்வுக் கூரை அமைத்தல்

கூரையின் தொழில் யாது என வினவின், வெயிலை மறைத்தலும் மழையை விலக்குதலும் என்று எவரும் விடை கூறுவர். மூன்றாவதாக ஒரு தொழிலும் அதற்கு உண்டு. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களையும் தலைப்பிலே பிணித்து, அவை உள்ளே சாயாமலும் வெளியே சாயாமலும் நிறுத்துதல் அத் தொழிலாகும். கூரை இருக்குமளவும் இஃது எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. பழைய கூரையை எடுத்துவிட்டு வேறொரு வடிவில் புதியது வைக்கப் புகுந்த பின்னரே சுவர்கள் இதனை நமக்கு அறிவிக்கின்றன. சிற்சில வேளைகளில் அவ்வறிவிப்பு மிகவும் காலந்தாழ்ந்து வருகின்றது. மோட்டார் வண்டி நிறுத்தும் சிறு கொட்டகை ஒன்றின் தட்டைக் கூரையைச் சாய்வுக் கூரையாக மாற்றுவதை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தை ஈண்டு ஆராய்வாம். பௌதிக வகுப்பிலே விசைகளின் முக்கோணத்தையும் திருப்புத்திறனையும் கரும்பலகையில் மட்டுமே கண்ட மாணவர்க்கு, அவை செங்கல்லிலும் மரத்திலும் எங்ஙனம் தொழிற்படுகின்றன என்பது இதனால் விளங்கும்.

நமது உதாரணம் இங்கிலாந்து தேசத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், சிறப்பாக 1950 முதல் 1980 வரையில், அந் நாட்டில் மோட்டார் வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் உரியவாயின. வீடுதோறும் ஒரு கொட்டகை வேண்டுவதாயிற்று. வீட்டிற்குச் செய்யும் செலவில் சிறு பங்கேனும் இதற்குச் செய்ய எவரும் விரும்பவில்லை. ஆகவே, சுமார் 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள இடத்தைச் சுற்றி அரைக்கல் சுவர் எழுப்பினர். ஒரு செங்கல்லின் அகலமாகிய 102.5 மில்லிமீட்டரே இச் சுவரின் கனம். இடையிடையே சிறு தூண்போலப் புடைத்த பகுதிகள் மட்டும் அதற்குத் துணை. மேலே குறுக்கு விட்டங்களைப் பரப்பிப் பலகை அடித்து, அதன்மேல் தார் ஊட்டிய தாளை மூன்று அடுக்காக ஒட்டினர். வேலை சில நாளில் முடிந்தது, செலவும் குறைந்தது.

தட்டைக் கூரைக்கு அக் காலத்தில் ஒரு நாகரிகப் பெருமையும் இருந்தது என்பதை மறத்தலாகாது. பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த சிற்பியாகிய லெ கொர்பூசியே, புதிய கட்டடக்கலைக்கு வகுத்த ஐந்து விதிகளுள் தட்டையான கூரைமேல் தோட்டம் அமைத்தலும் ஒன்று. ஜெர்மனியிலோ 1928ஆம் ஆண்டில், பெர்லின் நகரத்துச் செலண்டார்ப் பகுதியில், புரூனோ டௌட் முதலானோர் தட்டைக் கூரையோடு கட்டிய குடியிருப்பிற்கு நேரெதிரே, மற்றொரு கூட்டத்தார் சாய்வுக் கூரையோடு ஒரு குடியிருப்பை எழுப்பினர். இப் பூசலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘கூரைப் போர்’ என்பதாம். லெ கொர்பூசியே பாரிஸ் அருகே புவாசி என்னும் ஊரில் கட்டி 1931இல் முடித்த வீடு உலகப் புகழ் பெற்றது; எனினும் அதில் குடியிருந்த அம்மையார் மழை ஒழுகுகின்றது என்று அவருக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுதவேண்டியதாயிற்று. கலைஞர் வாதம் எவ்வாறாயினும், மோட்டார்க் கொட்டகை கட்டியவர் கொள்கைபற்றித் தட்டைக் கூரையைத் தேர்ந்தவரல்லர், கைப்பணம்பற்றியே தேர்ந்தனர்.

இக் கூரைகள் பழுதுறும் முறையைச் சிறிது நோக்குவாம். தட்டைக் கூரை என்பது உண்மையில் முழுத் தட்டையன்று. 40 அலகு தூரத்திற்கு 1 அலகு தாழுமாறு அதனை வகுக்கவேண்டுமென்பது இங்கிலாந்து தேசத்துப் பிரமாணம். கட்டும்போது நேரும் சிறு பிழைகளும், பின்னர் மரம் தொய்வதும் போக, 80க்கு 1 ஆவது எஞ்சியிருக்கவேண்டும் என்பது இதன் கருத்து. 3 மீட்டர் அகலத்தில் 40க்கு 1 என்பது 75 மில்லிமீட்டர், அஃதாவது ஏறத்தாழ நான்கு விரற்கிடை அளவு ஆகும். இவ்வளவு நுண்ணிய சரிவை மெல்லிய விட்டங்கள் பல்லாண்டு காத்தல் அரிது. நடுவில் சிறிது தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும். 18 சதுர மீட்டர்க் கூரைமேல் 10 மில்லிமீட்டர் நீர் தேங்கின் அதன் எடை 180 கிலோவாகும். அவ்வெடையால் தொய்வு மிகும். தொய்வு மிக நீர் மிகும். நீர் மிகத் தொய்வு பின்னும் மிகும். கடன்பட்டவன் வட்டிபோல வளரும் குற்றம் இது.

தார்த்தாளுக்கு வேறு இன்னல்களும் உள. கோடைப் பகலில் கருநிறத் தாள் கைவைக்க இயலாதவாறு சூடேறும். பனிக்கால இரவில் உறைநிலைக்குக் கீழே குளிரும். இவ்விரண்டிற்கும் இடையே நாடோறும் விரிந்து சுருங்கும் தாள் நாளடைவில் நெகிழ்ச்சி இழந்து வெடிக்கின்றது. உள்ளிருந்து எழும் நீராவி தாளின் அடியில் சிக்கிக் கொப்புளமாக எழும்புவதும் உண்டு. ஒரு மயிரிழை வெடிப்பு வழியே புகுந்த நீர், மரச்சிம்புகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையைச் சேருமாயின், அப் பலகை ஊறிப் பொருமி ரொட்டிபோல உதிர்ந்துவிடும். பத்து முதல் இருபது ஆண்டுகளுள் தாளைப் புதுப்பித்தல் இன்றியமையாததாகின்றது.

இதனைப் படிக்கும் நம்மவர், “நம் ஊர் மெத்தை வீடுகள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றனவே” என்று வினவுதல் கூடும். வினா நியாயமானதே. மெத்தையில் நெருங்கப் பரப்பிய மரங்களின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பல அங்குலக் கனத்தில் நாட்கணக்காக இடித்துத் தளமிடுவர். அத் தளம் ஓரளவு நீரை உண்டு, பின்னர் வெயிலில் உலர்த்திவிடும். அங்கே காப்பது கனமும் வெயிலும். இங்கிலாந்திலோ கனமும் இல்லை, வெயிலும் இல்லை. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

நிற்க. மூன்றாம் முறையும் தாள் ஒட்டி அலுத்த ஒருவர், இனிச் சாய்வுக் கூரையே வேண்டும் என்று முடிவு செய்கின்றார் எனக் கொள்வோம். அவர் முதலில் தீர்மானிக்கவேண்டுவது சாய்வின் அளவு. இதனை விருப்பம்போல் வைத்துக்கொள்ளல் இயலாது. மேலே வேயும் பொருளே அதனை விதிக்கின்றது. சிறிய தட்டை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரைத் தடுப்பனவேயன்றி ஒன்றோடொன்று கவ்வுவனவல்ல. ஆதலால் அவற்றிற்கு 35 பாகைக்குக் குறையாத சாய்வு வேண்டும். விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வுமாறு வார்த்த சிமெண்டு ஓடுகளுக்கு இதனினும் குறைந்த சாய்வு போதும்; அவற்றுள் சில வகைகள் 20 பாகைக்குக் கீழும் பயன்படும். ஓட்டின் வடிவம் அச்சிட்ட உலோகத் தகடு இன்னும் குறைந்த சாய்வையும் பொறுக்கும். எடையிலும் இவை பெரிதும் வேறுபடும். சதுர மீட்டருக்குத் தட்டை ஓடு ஏறத்தாழ 75 கிலோ. கவ்வோடு 45 முதல் 50 கிலோ. உலோகத் தகடு ஏறத்தாழ 7 கிலோ. வீட்டின் கூரை எவ்வோட்டினதோ கொட்டகையும் அதனாலேயே வேயப்படவேண்டும் என்று பலர் விழைவர். அவ்விழைவு கண்ணுக்கு இனியது; ஆயின் அதன் விலையைச் சுவர் கொடுக்கின்றது.

உயரத்தைக் குறித்துச் சட்டமும் குறுக்கிடும். வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கும் கொட்டகையை, முன் அனுமதியின்றி இவ்வளவு உயரம் வரை எழுப்பலாம் என்று இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் ஆணை வரையறுக்கின்றது. இருபுறமும் சரியும் கூரையாயின் முகடு 4 மீட்டர், இறவாரம் 2.5 மீட்டர். ஆனால் எல்லைக் கோட்டிலிருந்து 2 மீட்டருக்குள் நிற்கும் கட்டடமாயின், முழு உயரமும் 2.5 மீட்டருக்கு மேற்படலாகாது. நம் உதாரணத்தில் சுவர் உயரம் 2.3 மீட்டர், 3 மீட்டர் அகலத்திற்கு 30 பாகைச் சாய்வு வைத்தால் முகடு சுவரின்மேல் இன்னும் 0.87 மீட்டர் எழும். கூட்டினால் 3.17 மீட்டர். மோட்டார்க் கொட்டகைகளுள் பெரும்பாலன வேலியை ஒட்டியே நிற்பன; ஆகவே விதி தாராளமாகத் தோன்றினும் பெரும்பாலோர் அனுமதி கேட்டே தீரவேண்டும். கேளாமல் கட்டியவர், அயலார் ஒருவரின் முறையீட்டினால் கட்டியதைப் பிரிக்கவும் நேரும்.

இனி நம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம்.

இரண்டு அஞ்சலட்டைகளை எடுத்து, மேல்விளிம்புகள் ஒன்றோடொன்று சாருமாறு வழுவழுப்பான மேசைமேல் கூடாரம்போல் நிறுத்துக. கையை விட்டவுடன் அடிவிளிம்புகள் இரண்டும் புறத்தே வழுக்கிக் கூடாரம் விழுந்துவிடும். அடிவிளிம்புகளுக்கு வெளியே ஒவ்வொரு புத்தகம் வைத்துத் தடுத்தால் கூடாரம் நிற்கும். அப்பொழுது அட்டைகள் புத்தகத்தைப் புறத்தே தள்ளிக்கொண்டிருக்கும். புத்தகங்களை நீக்கி, அடிவிளிம்புகள் இரண்டையும் ஒரு நூலால் சேர்த்துக் கட்டினாலும் கூடாரம் நிற்கும். ஆயின் இம்முறை புறத்தே எதையும் அது தள்ளாது. சாய்வுக் கூரையின் இயல்பு முழுவதும் இச் சிறு சோதனையில் அடங்கியிருக்கின்றது. அட்டைகள் கைமரங்கள், புத்தகங்கள் சுவர்கள், நூல் பிணைமரம்.

தட்டைக் கூரையின் விட்டம் தன் பாரத்தை நேர்கீழே மட்டும் சுவரில் இறக்குகின்றது. சுவரை அது வெளியே தள்ளுவதில்லை. தன் முனைகளை ஆணியால் பற்றிக்கொண்டு சுவர்களைச் சேர்த்தும் வைக்கின்றது. அதனை எடுத்துவிட்டுக் கைமரங்களை இணையிணையாகச் சாய்த்து முகட்டில் சேர்த்தவுடன், முன் இல்லாத ஒரு விசை, அஃதாவது புறத்தள்ளுகை, சுவரின் தலையில் பிறக்கின்றது. அதன் அளவைக் கணக்கிடுவோம். விசையையும் கிலோ எடையாகவே கூறுவோம்.

கவ்வோடு, ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்ந்து சாய்வின்மேல் சதுர மீட்டருக்கு 65 கிலோ என்க. 30 பாகைச் சாய்வில், தரையளவில் நோக்கின், இது 75 கிலோவாகும். பனி பெய்து தங்கும் பாரத்திற்கு இங்கிலாந்தில் குறைந்தது 60 கிலோ சேர்ப்பது வழக்கம். ஆகத் தரையளவில் சதுர மீட்டருக்கு 135 கிலோ. கொட்டகையின் நீளத்தில் ஒரு மீட்டர்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டராதலால் மொத்த பாரம் 405 கிலோ. ஒவ்வொரு சுவருக்கும் 202.5 கிலோ. இப்பொழுது ஒரு பக்கத்துக் கைமரத்தை மட்டும் நோக்கி, முகட்டைச் சுற்றித் திருப்புத்திறனைக் கணக்கிடுக. சுவர் மேல்நோக்கித் தாங்கும் 202.5 கிலோ முகட்டிலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில் நிற்கின்றது. கைமரத்தின் பாரமாகிய 202.5 கிலோ 0.75 மீட்டர் தூரத்தில் நிற்கின்றது. இரண்டின் வித்தியாசம் ஏறத்தாழ 152. இதனைச் சமன்செய்யவேண்டுவது, 0.866 மீட்டர் கீழே கைமரத்தின் அடியில் உள்நோக்கித் தொழிற்படும் ஒரு கிடைவிசை. 152ஐ 0.866ஆல் வகுக்க 175 கிலோ வரும். அஃதாவது, சுவரின் ஒவ்வொரு மீட்டரும் தன் தலையில் 175 கிலோ விசையால் வெளியே தள்ளப்படுகின்றது. 6 மீட்டர்ச் சுவர் முழுமைக்கும் இது 1,000 கிலோவிற்கு மேல்.

அரைக்கல் சுவர் இதனைத் தாங்குமோ? 2.3 மீட்டர் உயரச் சுவரின் ஒரு மீட்டர்ப் பகுதி ஏறத்தாழ 470 கிலோ எடையுள்ளது. அதனோடு கூரை இறக்கும் 202 கிலோவையும் சேர்த்தால் 672 கிலோ. சுவர் புறத்தே கவிழுமாயின் அதன் புறவிளிம்பை அச்சாகக்கொண்டே கவிழும். எடை தொழிற்படும் நடுக்கோடு அவ்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டரே தள்ளி நிற்கின்றது. ஆகவே கவிழாமல் தடுக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 34. கவிழ்க்கும் திருப்புத்திறனோ 175ஐ 2.3ஆல் பெருக்கிய 403. ஒன்றுக்குப் பன்னிரண்டு! புடைத்தூண்களும் மூலைச்சுவர்களும் சாந்தின் பற்றும் ஓரளவு உதவும் என்பது மெய்யே. பன்னிரண்டு மடங்கு உதவா. இவ்வாறு பிணைப்பின்றி வேய்ந்த கூரை வேய்ந்த அன்றே விழுந்துவிடும் என்பதில்லை. பனிப் பாரம் அன்று இராது. ஆணிகளும் உராய்வும் முகட்டுப் பலகையும் சிறிது காலம் பொறுக்கும். பின்னர் முகடு நடுவில் குதிரை முதுகுபோலத் தாழும். சுவரின் நடுப்பகுதி புறத்தே வளையும். மூலைகளில் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் செங்குத்தான வெடிப்புத் தோன்றும். தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பவர்க்கு ஐயம் இராது. அந்நிலையில் பனி ஓரிரவு கனமாகப் பெய்தால் கீழே நிற்பது வண்டி மட்டுமாயின் நல்லூழ் எனலாம்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். “உயரமாக எழுப்பினால் அன்றோ ஆபத்து, சாய்வைக் குறைத்துக்கொண்டால் சுவருக்கு நலம்” என்று பலர் நினைக்கின்றனர். கணக்கு இதற்கு நேர்மாறாகக் கூறுகின்றது. அதே ஓட்டையும் அதே பனியையும் கொண்டு 45 பாகைக்குக் கணக்கிட்டால் புறத்தள்ளுகை மீட்டருக்கு 114 கிலோ; 30 பாகைக்கு 175; 15 பாகைக்கு 355. சாய்வு குறையக் குறைய முகட்டின் உயரம் குறைகின்றது. அவ்வுயரமே நம் வகுத்தலில் வகுக்கும் எண். இரண்டு ஆட்கள் ஒரு கயிற்றை எதிரெதிரே பிடித்து நடுவில் ஒரு குடத்தைத் தொங்கவிட்டுக் கயிற்றை நேராக இழுக்க முயன்றால் எத்துணைக் கடினம் என்பதை அறிந்தவர் இதனை எளிதில் உணர்வர். சட்டத்தின் உயர வரம்பிற்கு அஞ்சிச் சாய்வைக் குறைப்பவர் இக் கணக்கை மறத்தலாகாது.

பரிகாரம் எளிதே. கைமரங்களின் இரண்டு அடிகளையும் ஒரு குறுக்கு மரத்தால் பிணித்துவிட்டால், சுவருக்கு வரும் புறத்தள்ளுகை முழுவதும் அம் மரத்தின் இழுவிசையாக மாறிவிடுகின்றது. 60 சென்டிமீட்டருக்கு ஓர் இணை வைத்தால் ஒவ்வொரு பிணைமரத்திற்கும் 105 கிலோவே வரும். 35க்கு 97 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய பைன் சட்டமும் இழுவையில் இதனைப்போலப் பத்து மடங்கைத் தாங்க வல்லது. ஆதலின் மரம் அறும் என்று அஞ்சவேண்டா, அஞ்சவேண்டுவது மூட்டைப்பற்றியே. ஒற்றை ஆணியை ஓரத்தில் அறைந்து சட்டம் பிளந்துபோனால் பத்து மடங்கும் பயனில்லை. ஒவ்வொரு முனையிலும் நான்கைந்து ஆணிகளை இடம்விட்டு இடம் அறைந்து சேர்த்தல் வேண்டும்.

மாற்ற விரும்புவோர்க்கு இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. பழைய குறுக்கு விட்டங்கள் உளுத்துப் போகாமல் நல்ல நிலையில் இருக்குமாயின், அவற்றையே பிணைமரங்களாகக் கொள்ளலாம். தாளையும் பலகையையும், சரிவுக்காக விட்டங்களின்மேல் வைத்த ஆப்புச் சட்டங்களையும் மட்டும் நீக்கி, விட்டங்களை இருந்தவிடத்திலேயே விட்டு, ஒவ்வொன்றன் பக்கத்திலும் ஓர் இணைக் கைமரத்தை நிறுத்தி ஆணியடித்தால் போதும். வேலை நடக்கும்போதும் சுவர்கள் ஒரு கணமேனும் பிணைப்பின்றி நில்லா. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து வெறுஞ்சுவராக்கிவிட்டுத் தொடங்குவதே சுத்தமான வேலை என்று எண்ணும் தச்சர் சிலர் உளர். அரைக்கல் சுவரில் அச் சுத்தம் வேண்டாத சுத்தம். ஆனால், விட்டங்கள் அகலவாட்டில் ஓடுகின்றனவா, நீளவாட்டில் ஓடுகின்றனவா என்று முன்னரே நோக்குக. நீளவாட்டில் ஓடும் விட்டம் பக்கச் சுவர்களைப் பிணியாது; புதிய கூரைக்கு அது பயன்படாது.

பிணைமரம் தலைக்கு மேலே குறுக்கே ஓடுவதை வீட்டுக்காரர் விரும்புவதில்லை. உயரமான வண்டி நுழையவும், ஏணி முதலியவற்றை மேலே செருகவும் இடம் வேண்டி, அதனைச் சற்றே உயர்த்திப் போடுமாறு கேட்பர். ‘சற்றே’ என்பது எவ்வளவு என்பதில் அனைத்தும் அடங்கியுள்ளது. முகட்டிற்கும் சுவர்த்தலைக்கும் நடுவே, பாதி உயரத்தில் போட்டால், நாம் முன் கண்ட 152ஐ இப்பொழுது 0.433ஆல் வகுக்கவேண்டும். இழுவிசை மீட்டருக்கு 351 கிலோவாகி இரட்டிக்கின்றது. அதனினும் பெரிய தீமை ஒன்று உண்டு. பிணைப்பிற்குக் கீழே நிற்கும் கைமரத்தின் பகுதி பிணைப்பின்றிப் புறத்தே வளைய முயலும். அவ் வளைவைத் தாங்கும்பொருட்டுக் கைமரம் மிகவும் பருத்ததாதல் வேண்டும். பருத்ததாயினும் சிறிது வளையவே செய்யும். அச் சிறிதும் சுவரைத் தள்ளும். ஆகவே, உயர்த்துவதாயின் மொத்த உயரத்தில் கீழ் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது தச்சர் வழிவழிக் கொண்ட விதி. அதுவும் கைமரத்தின் பருமனைக் கணக்கிட்ட பின்னரே.

குறுக்கே ஒன்றும் கூடாது என்பார்க்கு வேறொரு வழி உண்டு. முன்சுவரையும் பின்சுவரையும் முக்கோணமாக எழுப்பி, அவற்றின்மேல் முகட்டு உத்தரம் ஒன்றைக் கிடத்துதல் அவ்வழி. கைமரத்தின் தலையை அவ்வுத்தரம் தாங்குமாயின், தலை கீழே இறங்க முயலாது. தலை இறங்காவிடின் அடி புறத்தே வழுக்காது. புறத்தள்ளுகை பிறப்பதேயில்லை. ஆயின் கூரையின் பாதிப் பாரத்தை, நம் கணக்கில் ஏறத்தாழ 1,200 கிலோவை, 6 மீட்டர் தூரத்திற்கு நடுவில் தாங்கலின்றி அவ்வுத்தரம் சுமக்கவேண்டும். உருக்கு உத்தரமோ, பலகைகளை ஒட்டிச் செய்த பெருமரமோதான் இதற்குப் போதும். அதன் முன்முனை 600 கிலோவைச் சரியாக வாயிலின் நடுவில் இறக்கும். கொட்டகையின் முன்புறம் முழுவதும் வாயிலே ஆதலால், வாயில் மேலுள்ள உத்தரத்தையும் புதிதாக வைக்க நேரும். முகட்டில் ஓடும் மெல்லிய பலகையை உத்தரம் என்று மயங்குவாரும் உளர். அப் பலகை கைமரங்களை வரிசைப்படுத்தி ஆணியடிக்க உதவுவதன்றிப் பாரம் தாங்குவதன்று.

இக்காலத்தில் பெரும்பாலோர் கைக்கொள்வது தொழிற்சாலையில் முன்னரே செய்து வரும் முக்கோணச் சட்டங்களையே. கைமரங்கள், பிணைமரம், இடையே கோணலாக ஓடும் சிறு கால்கள் எல்லாவற்றையும், பற்கள் உடைய எஃகுத் தகடுகளை மூட்டுக்களில் வைத்துப் பெருவிசையால் அழுத்திச் சேர்த்துவிடுவர். இவ்வகைத் தகட்டை 1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில் கால்வின் ஜூரேட் என்னும் பொறியாளர் இயற்றினார். 1960ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அஃது பரவியது. மெல்லிய மரம், குறைந்த விலை, கணக்கு அனைத்தும் தொழிற்சாலையாரே செய்து தருவர். ஆனால், பின்னாளில் பரண் அமைக்கவோ வழி உண்டாக்கவோ இதன் கால்களுள் ஒன்றையேனும் அறுத்தல் கூடாது. அறுத்தவுடன் அது முக்கோணமாதல் ஒழிந்து, மெல்லிய குச்சிகளின் கூட்டமாகிவிடும். சட்டங்களைக் குறுக்கே கோணலாகச் செல்லும் சட்டங்களால் ஒன்றோடொன்று பிணியாது விட்டால், சீட்டுக்கட்டுப்போல வரிசையாக ஒருபுறம் சாய்ந்து விழவும் கூடும்.

மொத்தப் பாரம் கூடுவதைப்பற்றியே மக்கள் முதலிற் கவலுறுகின்றனர். பழைய கூரை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று கொண்டால், புதியது 75, மிகை 35. பதினெட்டுச் சதுர மீட்டருக்கு 630 கிலோ. நீளச் சுவர் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ. சுவரின் சொந்த எடையே 470 கிலோ என்பதை நோக்க, அடித்தளத்திற்கு இம் மிகை பெரிதன்று. முக்கோணச் சுவர்களின் புதுச் செங்கல் எடையைத்தான் தனியே எண்ணவேண்டும். அவற்றைச் செங்கல்லால் எழுப்பாமல் மரச்சட்டத்தில் பலகை அடித்து மூடினால் அக் கவலையும் குறையும்.

கீழ்நோக்கும் பாரத்திற்கு இவ்வளவு. மேல்நோக்கும் விசையும் ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை விநாடிக்கு மீட்டர்க் கணக்கில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 0.613ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். 40 மீட்டர் வேகத்திற்கு இது 981 நியூட்டன், அஃதாவது சுமார் 100 கிலோ. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் விடியற்காலையில் தென்இங்கிலாந்தின்மீது அடித்த புயலில் இதனினும் மிக்க வேகம் பல இடங்களில் பதிவாயிற்று. காற்று கூரையின்மேல் பாயும்போது காற்றின் மறைவுப் பக்கம் மேல்நோக்கி உறிஞ்சப்படும். அதே வேளையில் கொட்டகையின் பெருங்கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் எழுப்பும். ஓடு வேய்ந்த கூரை தன் எடையால் இதனைப் பெரும்பாலும் எதிர்க்கும். சதுர மீட்டருக்கு 7 கிலோத் தகடு வேய்ந்த கூரைக்கு எதிர்க்க என்ன இருக்கின்றது? ஆதலால், சுவர்த்தலையில் கிடத்தும் கட்டையை 2 மீட்டருக்கு ஒன்றுக்குக் குறையாமல் இரும்புப் பட்டைகளால் சுவரோடு பிணித்து, அப் பட்டைகளைச் சுவரின் உட்புறத்தில் ஒரு மீட்டர் ஆழம்வரை இறக்கித் திருகாணிகளால் இறுக்குதல் முறை. முக்கோணச் சுவரையும் அவ்வாறே கைமரங்களோடு பட்டையால் பிணிக்கவேண்டும்; இல்லாவிடின் கூரை நிற்க, முக்கோணம் மட்டும் காற்றில் சாயும்.

நீர் போகும் வழியும் மாறுகின்றது. முன்னர்க் கூரை முழுவதும் ஒரு பக்கமே சரிந்து, ஒரே பீலியில் நீர் விழுந்தது. இனி இருபுறமும் விழும். 25 மில்லிமீட்டர் மழை ஒன்றில் இச் சிறு கூரையினின்று 450 லிட்டர் நீர் இறங்கும். அதில் பாதி அயலார் பக்கம். பீலியோ இறவாரமோ எல்லைக் கோட்டைக் கடந்து அயலார் நிலத்தின்மேல் நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது. சுவரே எல்லைக் கோட்டின்மேல் நிற்குமாயின் இறவாரத்தை அப் பக்கம் நீட்டாமல், சுவரின் தலையிலேயே உலோகத் தகடு பதித்து வாய்க்கால் அமைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் பழைய கூரை எப்பொருளால் ஆயது என்று அறிந்துகொள்ளுதல் உயிர்க்காப்பாகும். அக் காலத்துக் கொட்டகைகள் பலவற்றில் தார்த்தாளுக்கு மாறாகவோ, அதன் கீழேயோ, ஓரப் பலகையாகவோ கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகள் உண்டு. பிரிட்டன் 1985இல் கல்நாரின் நீல வகையையும் பழுப்பு வகையையும், 1999இல் வெள்ளை வகையையும் தடைசெய்தது. அதற்கு முன் வைத்தவை இன்றும் பல கூரைகளில் இருக்கின்றன. அசையாமல் இருக்குமளவும் இவற்றால் தீங்கு சிறிதே. சம்மட்டியால் உடைத்தாலும் வாளால் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றிற் பறந்து நுரையீரலிற் புகும். அதனால் வரும் நோய் பல ஆண்டுகள், ஒரோவழி முப்பது நாற்பது ஆண்டுகள், கழித்தே வெளிப்படும். ஆகவே தகட்டை நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, உடையாமல் முழுமையாக இறக்கி, தடித்த தாளில் இருமுறை சுற்றி, அதற்கென நகராட்சியார் குறித்த இடத்திலேயே ஒப்படைத்தல் வேண்டும். தகடு முன்னரே நொறுங்கியிருக்குமாயின், அதற்குரிய பயிற்சியும் கருவியும் உடையாரை அழைத்து, அவர் இறக்கி முடிக்கும்வரை கொட்டகைப் பக்கம் எவரையும் விடாதிருத்தலே தக்கது.